தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்: வந்தவாசிக்காரங்க ஆரம்பிக்கும் முன் இதைப் படிங்க!

வந்தவாசி:

"ணா, இன்னைக்கு தண்ணி வந்துச்சா?"

"கரண்ட் எப்போ வரும்னு யாருக்காவது தெரியுமா?"

"பாய், தேரடி பக்கம் ரோடு அடைச்சிருக்காங்களா? ஆட்டோ திரும்பி வருது."

முன்பெல்லாம் டீக்கடை பெஞ்சில் கேட்ட கேள்விகள் இவை. இப்போது செல்போனில் கேட்கிறார்கள். ஊருக்கு ஊர் வாட்ஸ்அப் குரூப் வந்துவிட்டது. ஆனால் பல குரூப்புகளின் கதி என்ன? முதல் வாரம் கலகலப்பு. இரண்டாவது மாதம் 'குட் மார்னிங்' பூப்படம். ஆறாவது மாதம் அரசியல் சண்டை. பாதிப் பேர் வெளியேறிவிடுவார்கள். மீதிப் பேர் சத்தத்தை அணைத்துவிட்டு எட்டிக்கூடப் பார்ப்பது இல்லை.

ஊர் மக்களுக்கு உண்மையிலேயே பயன்படுகிற குரூப் நடத்த முடியுமா? முடியும். ஆனால் அதற்குக் கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டும். கட்டுப்பாடு இல்லாவிட்டால் உயிரே போகும். இது சும்மா பயமுறுத்தும் பேச்சு கிடையாது. நம்ம மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது.

வதந்தியால் போன உயிர்

2018-ம் ஆண்டு மே 9-ந் தேதி. சென்னையைச் சேர்ந்த ஒரு குடும்பம் குலதெய்வக் கோவிலுக்குப் போவதற்காக திருவண்ணாமலை மாவட்டத்துக்கு காரில் வந்தது. போளூர் அருகே அத்திமூர் பகுதியில் வண்டியை நிறுத்தி வழி கேட்டார்கள். அங்கே இருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

அந்த நேரத்தில் வட மாவட்டங்கள் முழுக்க வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி சுற்றிக்கொண்டு இருந்தது. வெளிமாநிலத்தில் இருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது, உஷார் என்று ஆடியோவும் வீடியோவும் கைமாறிக்கொண்டே இருந்தன. அதை நம்பிய கூட்டம் அந்தக் குடும்பத்தைச் சூழ்ந்துகொண்டது. காரில் தப்பிப் போக முயன்றவர்களை, அடுத்த ஊருக்கு போனில் தகவல் சொல்லி மடக்கினார்கள். சரமாரியாக அடித்தார்கள். காரில் வந்த மூதாட்டி இறந்துபோனார். கூட வந்த உறவினர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

போலீசார் பலரைக் கைது செய்தார்கள். கைதானவர்கள் ரவுடிகள் இல்லை. அந்தந்த ஊரில் விவசாயம், கூலி வேலை பார்க்கிற சாதாரண ஜனங்கள். பிள்ளைகளைக் காப்பாற்றப் போகிறோம் என்று நினைத்தவர்கள் கொலை வழக்கில் போய் நின்றார்கள்.

அதே வாரத்தில் பழவேற்காட்டிலும் இதே வதந்தியால் ஒரு ஆண் அடித்துக் கொல்லப்பட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியா முழுக்க அப்போது சுற்றிய குழந்தை கடத்தல் வீடியோக்களில் ஒன்று எங்கிருந்து வந்தது தெரியுமா? பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வரும் இரண்டு பேர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பிறகு திரும்பி வந்து குழந்தையை விட்டுவிட்டு, 'குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும்' என்கிற அர்த்தத்தில் ஒரு அட்டையைக் காட்டுவார்கள். யாரோ கடைசிப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது, பார்த்தவர் வயிற்றைக் கலக்கும் காட்சி.

நாடு முழுக்க இப்படிப் பல உயிர்கள் போன பிறகுதான் 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது 5 குரூப்புக்கு மேல் பார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு போட்டது. 2020 ஏப்ரலில், ஏற்கனவே பல கை மாறி வந்த தகவல் என்றால் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. அந்தத் தகவல்களின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்தாலே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஊருக்கு ஒன்றா, தெருவுக்கு ஒன்றா?

குரூப் ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் 'நம்ம ஊர் வந்தவாசி' என்று பெரிதாகத்தான் ஆரம்பிப்பார்கள். அங்கேதான் சிக்கல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2011 மக்கள்தொகை கணக்கெடுப்பில் வந்தவாசி நகராட்சியில் இருந்தவர்கள் 31 ஆயிரம் பேர் சொச்சம். வார்டுகள் 24. சராசரியாகப் பார்த்தால் வார்டுக்கு 1,300 பேர். வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் 320 வீடு சுமார். இப்போது கொஞ்சம் கூடியிருக்கும்.

வாட்ஸ்அப் குரூப்பில் 2016-க்கு முன்பு 100 பேர்தான் சேரலாம். 2016-ல் 256 ஆனது. 2022-ல் 512 ஆகி, அதே ஆண்டு கடைசியில் 1,024 ஆக உயர்ந்தது. ஊர் முழுக்க ஒரே குரூப்பில் அடங்காது. ஆனால் வீட்டுக்கு ஒருவர் என்று வைத்தால் ஒரு வார்டு தாராளமாக அடங்கும்.

அடங்குவது மட்டும் விஷயம் இல்லை. ஆயிரம் பேர் குரூப்பில் யார் என்ன சொன்னாலும் யாருக்கும் முகம் தெரியாது. முகம் தெரியாத இடத்தில்தான் வாய் நீளும். காஞ்சிபுரம் சாலைப் பக்கம் குடிநீர் குழாய் உடைந்தால் திண்டிவனம் சாலைப் பக்கம் இருப்பவருக்கு அது ஒரு தகவலே கிடையாது. அவருக்கு வந்த நாற்பது செய்தியில் முப்பத்தெட்டு தேவை இல்லாதது என்றால் அவர் ஏன் எட்டிப் பார்க்கப் போகிறார்?

தெருவிலோ வார்டிலோ ஆரம்பித்தால் எல்லோரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கிறவர்கள். மளிகைக் கடையில், ரேஷன் கடை வரிசையில், பள்ளிக்கூட வாசலில் சந்திக்கிறவர்கள். கண்டபடி எழுதினால் மறுநாள் காலையில் பால் வாங்கப் போகும்போது முகத்தைப் பார்த்தாக வேண்டும். இந்தக் கூச்சம்தான் பெரிய காவல். எந்த சட்டமும் இவ்வளவு வேலை செய்யாது.

பக்கத்து ஆரணிக்கு பட்டு என்றால் வந்தவாசிக்கு கோரைப்பாய். பாய் நெசவு, தறி வேலை, கட்டிட வேலை, வெளியூர் வேலை என்று பகல் முழுக்க உழைக்கிற ஜனங்கள்தான் இங்கே அதிகம். அவர்கள் போனை எடுத்துப் பார்ப்பதே ராத்திரி எட்டு மணிக்கு மேல். அந்த நேரத்தில் 200 செய்தி குவிந்து கிடந்தால் பார்க்காமலே அழித்துவிடுவார்கள். பேசுவதற்கு ஒரு குரூப், அறிவிப்புக்கு தனியாக ஒரு குரூப் என்று பிரித்து, அறிவிப்பு குரூப்பில் அட்மின் மட்டும் செய்தி போடும்படி அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதற்கான வசதி குரூப் செட்டிங்கிலேயே இருக்கிறது.

பெண்கள் ஏன் சேர்வது இல்லை?

எந்த ஊர் குரூப்பை எடுத்தாலும் ஆண்கள் கூட்டம்தான் அதிகம். தண்ணீர் பிடிப்பது, ரேஷன் வாங்குவது, பிள்ளையை பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, கொசுத் தொல்லை, சாக்கடை அடைப்பு என்று தெருப் பிரச்சினையில் முக்கால்வாசி தெரிந்தவர்கள் பெண்கள். அவர்கள் இல்லாத குரூப்புக்கு தெரு குரூப் என்று பெயர் வைப்பதே தப்பு.

காரணம் எளிது. குரூப்பில் சேர்ந்தால் செல்போன் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ராத்திரியில் 'ஹாய்' என்று தனியாக செய்தி வரும். புகார் சொன்னால், "ஏம்மா நீ எதுக்கு அதுல சேர்ந்த?" என்று வீட்டில் அவர்களையே திட்டுவார்கள். இதனால் பல அக்கா, தங்கைகள் கணவர் எண்ணில் மட்டும் சேர்ந்து சும்மா இருந்துவிடுகிறார்கள்.

2022-ல் வாட்ஸ்அப்பில் 'கம்யூனிட்டி' என்று ஒரு வசதி வந்தது. அதன் அறிவிப்புப் பகுதியில் சேருகிறவர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. அட்மினுக்குத்தான் தெரியும். பெண்களை அதில் சேர்த்தால் எண் வெளியே போகாது. தனியாக செய்தி அனுப்பித் தொல்லை கொடுத்த ஆளை, அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், அன்றைக்கே நீக்க வேண்டும். ஒரு தடவை நீக்கிக் காட்டினால் போதும். அட்மின்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் புகார் சொல்லவும் கூச்சம் இருக்காது. மகளிர் சுய உதவிக்குழுவில் கணக்கு எழுதிப் பழகிய அக்காக்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள், ஆண்களைவிட கறாராக நடத்துவார்கள்.

கேட்காமலே யாரையும் சேர்க்கக்கூடாது என்பது இன்னொரு விஷயம். யார் தன்னை குரூப்பில் சேர்க்கலாம் என்று முடிவு செய்யும் வசதி 2019 முதலே ஒவ்வொருவர் போனிலும் இருக்கிறது. குரூப்பில் சேரும் லிங்கை பேஸ்புக்கில் போடுவதும் ஆபத்து. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்துவிடுவார்கள். அடுத்து வருவது மோசடிதான்.

கல்யாண பத்திரிகை வடிவில் மோசடி

ஊர் குரூப்பில் திடீரென்று ஒரு பைல் வரும். 'கல்யாண பத்திரிகை', 'டிராபிக் அபராத சலான்', 'பி.எம். கிசான்' என்று பெயர் இருக்கும். பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்று மூன்று ஆங்கில எழுத்து இருந்தால் அது படமும் இல்லை, பத்திரிகையும் இல்லை. போனில் ஏறி உட்காரும் செயலி. தொட்டு இன்ஸ்டால் செய்தால் போனுக்கு வரும் ஓ.டி.பி. எண் வரை மோசடி கும்பலுக்குப் போய்விடும். வங்கிப் பணம் காலி.

இதில் கொடுமை என்னவென்றால், அனுப்பியது தெரிந்த ஆளாகவே இருப்பார். அவர் போன் ஏற்கனவே மாட்டியிருக்கும். அவருக்கே தெரியாமல் அவர் இருக்கும் எல்லா குரூப்புக்கும் அது போகும். "நம்ம மேஸ்திரி அண்ணன்தானே அனுப்பியிருக்கார்" என்று நம்பித் தொடுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

அட்மின் செய்ய வேண்டியது, அந்த பைலை உடனே அழிப்பது, அனுப்பிய ஆளைத் தற்காலிகமாக நீக்குவது, அவருக்கு நேரடியாக போன் போட்டுச் சொல்வது. பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறும் முன் வங்கியில் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

அட்மினுக்கு ஜெயிலா?

'யார் என்ன போட்டாலும் அட்மினைத்தான் பிடிப்பாங்களாமே?' என்று பயந்து பலர் அட்மினாக வரத் தயங்குகிறார்கள்.

கோர்ட்டு என்ன சொல்லியிருக்கிறது? கரூர் வக்கீல்கள் குரூப் ஒன்று சம்பந்தமான வழக்கில், 2021 டிசம்பரில் மதுரை ஐகோர்ட்டு கிளை இதைத் தெளிவுபடுத்தியது. அட்மினாக இருந்ததைத் தவிர வேறு எந்தப் பங்கும் இல்லை என்றால், அவர் பெயரை குற்றப்பத்திரிகையில் சேர்க்கக்கூடாது என்றது. மும்பை ஐகோர்ட்டின் நாக்பூர் கிளையும், கேரள ஐகோர்ட்டும் இதே கருத்தில் தீர்ப்பு சொல்லியிருக்கின்றன. அட்மினும் சேர்ந்து தூண்டிவிட்டால் அது வேறு கதை.

ஆனால் பார்வர்டு செய்கிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. நடிகர் எஸ்.வி.சேகர் விஷயம் ஞாபகம் இருக்கும். பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி வேறு ஒருவர் எழுதிய இழிவான பதிவை 2018-ல் பேஸ்புக்கில் பகிர்ந்தார். பகிர்வது என்பது அந்தக் கருத்தை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்று சென்னை ஐகோர்ட்டு அவருக்கு முன்ஜாமீன் மறுத்தது. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு கோர்ட்டு ஒரு மாத சிறை தண்டனை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். பிரபலமான ஆளுக்கே இந்த நிலை. நாம கட்டை விரலால் தள்ளிவிட்டு, "நான் எழுதலப்பா, வந்ததை அனுப்பினேன்" என்றால் எடுபடாது.

புயல் ராத்திரியில்...

நல்ல குரூப்பின் அருமை மழைக்காலத்தில்தான் தெரியும்.

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்ஜல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டியது. மறுநாள் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீடு புதைந்து 7 பேர் பலியானார்கள். டிசம்பர் 2-ந் தேதி அதிகாலை சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை ஆற்றங்கரையில் விழுப்புரம், கடலூர் மாவட்ட கிராமங்கள் வெள்ளத்தில் மூழ்கின. முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது அரசு. மக்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றன எதிர்க்கட்சிகள்.

அதிகாரி அறிக்கை விடுவதற்கும், ஆற்றோரம் தூங்குகிற குடும்பம் எழுந்து மேட்டுக்குப் போவதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. அதை நிரப்பக்கூடியது தெரு குரூப்தான். கிராம நிர்வாக அலுவலர் அனுப்பும் செய்தி ஐந்து நிமிடத்தில் வீட்டுக்கு வீடு போகும். குரூப்பில் இல்லாத கிழவி வீட்டுக் கதவை யாராவது போய்த் தட்டுவார்கள்.

ஆனால் அதே ராத்திரியில் "ஏரி உடைஞ்சிடுச்சு, ஓடுங்க" என்று ஒரு ஆடியோவும் வரும். போன வருஷ வீடியோ, வேற மாநில வீடியோ எல்லாம் நம்ம ஊர் பெயரில் வரும். இதற்கு ஒரே மருந்துதான். எந்தச் செய்தி என்றாலும் மூன்று விவரம் வேண்டும்: எந்த இடம், எத்தனை மணி, நேரில் பார்த்தது யார். மூன்றும் இல்லாவிட்டால் அட்மின் அழித்துவிட வேண்டும். ரத்தம் வேண்டும் என்று வரும் செய்திக்கும் இதே விதிதான். தேதி இல்லாமல் போன செய்தி பல வருஷம் சுற்றும். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் குடும்பத்துக்கு போன் வந்துகொண்டே இருக்கும். காணாமல் போன குழந்தை படம் என்றால், குழந்தை கிடைத்த அன்றே படத்தை எடுக்கச் சொல்ல வேண்டும். தவிக்கும் குழந்தையைப் பார்த்தால் குரூப்பில் போடும் முன் 1098-க்கு போன் போடுங்கள்.

பேச்சு போதும், மனு எங்கே?

குரூப்பில் நாற்பது பேர் 'தெரு விளக்கு எரியல' என்று எழுதினாலும் விளக்கு எரியாது. அதிகாரி கையில் மனு போய்ச் சேர வேண்டும். மாவட்டத் தலைநகர் திருவண்ணாமலைக்கு திங்கட்கிழமை குறைதீர்வு கூட்டத்துக்குப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால்தான் பலர் முணுமுணுப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். தெருவே சேர்ந்து ஒரே மனு எழுதி, பஸ் செலவைப் பங்கு போட்டு ஒருவரை அனுப்பினால் யாருக்கும் பாரம் இல்லை. மின்சாரப் புகாருக்கு அலையவே வேண்டாம், 'மின்னகம்' எண் 94987 94987 இருக்கிறது. மனு என்ன ஆச்சு என்று தெரியாவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேள்வி கேட்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பலருக்குத் தெரியாது. கிராமத்துக்கு கிராம சபை போல நகரத்துக்கும் சபை வந்துவிட்டது. 2016 அக்டோபரில் உள்ளாட்சி பதவிக்காலம் முடிந்த பிறகு தமிழக நகரங்களில் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது. 2022 பிப்ரவரி 19-ந் தேதிதான் தேர்தல் நடந்தது. அந்த ஆண்டு ஜூனில் வார்டு கமிட்டி, பகுதி சபை அமைக்கும் விதிகளை அரசு வெளியிட்டது. நவம்பர் 1-ந் தேதி உள்ளாட்சி தினத்தில் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சி பம்மலில் நடந்த கூட்டத்தில் அப்போதைய முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலினே கலந்துகொண்டார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சபை கூட வேண்டும். வார்டை சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து, தண்ணீர், விளக்கு, சாக்கடை, குப்பை எல்லாம் அங்கே பேசலாம்.

நடைமுறையில் பல ஊரில் கூட்டம் நடக்கிற விஷயமே தெருவுக்குத் தெரிவது இல்லை. கவுன்சிலருக்கு வேண்டிய பத்து பேர் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. தெரு குரூப் இருந்தால் நகராட்சி அலுவலகத்தில் தேதியை விசாரித்து, ஒரு வாரம் முன்பே போட்டுவிடலாம். என்ன கேட்பது என்று பேசி வைக்கலாம். கூட்டம் முடிந்ததும் தீர்மானத்தை போட்டோ எடுத்துப் போட்டால், அடுத்த கூட்டத்தில் "போன தடவை சொன்னது என்ன ஆச்சு?" என்று கேட்க ஆதாரம் ஆச்சு.

பணம் வந்தால் கவனம்

பெரிய வேலைகூட நடக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டது. அதன் பிறகு தஞ்சை மாவட்டம் பேராவூரணி பக்கம் இளைஞர்களும் விவசாயிகளும் சேர்ந்து 'கைஃபா' என்ற கடைமடைப் பகுதி விவசாயிகள் சங்கத்தை உருவாக்கினார்கள். பேராவூரணி பெரியகுளம் ஏரியை 2019-ல் தூர்வாரினார்கள். உள்ளூர் ஜனங்கள் கொடுத்த பணத்தோடு, சமூக வலைத்தளத்தில் பார்த்து வெளியூரில் இருந்தும் பணம் வந்தது. ஒரு ஏரியோடு நிற்காமல் மற்ற ஊர் ஏரிகளுக்கும் போனார்கள்.

ஆனால் தெரு குரூப் உடைவதும் பணத்தால்தான். திருவிழா வசூல், மருத்துவ உதவி வசூல் என்று யாராவது சொந்த ஜிபே எண்ணைப் போடுவார். அடுத்த மாதம் கணக்கு கேட்டால் கோபம் வரும். வசூல் என்றால் யார் கொடுத்தது, எவ்வளவு, எதற்குச் செலவானது என்று ரசீது படத்தோடு அன்றன்றே போட வேண்டும். முடியாது என்றால் குரூப்பில் வசூலே வேண்டாம்.

தேர்தல் நேரத்தில் இன்னொரு ஆபத்து. கட்சிக்காரர்கள் அட்மினைத் தேடி வருவார்கள். குரூப்பையே கட்சி குரூப்பாக மாற்றப் பார்ப்பார்கள். சாதி, மதம், கட்சி மூன்றுக்கும் இடம் இல்லை என்று முதல் நாளே எழுதி மேலே ஒட்டிவைத்துவிட்டால், அன்றைக்கு நீக்கும்போது யாரும் "என்னை மட்டும் ஏன்?" என்று கேட்க முடியாது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். அட்மின் ஒரே ஆளாக இருந்தால், அவர் சென்னைக்கோ பெங்களூருவுக்கோ வேலைக்குப் போய்விட்டாலும், போன் தொலைந்தாலும் குரூப் அநாதை ஆகிவிடும். மூன்று பேராவது இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உறுப்பினர் பட்டியலைச் சரிபாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் எண்ணை செல்போன் கம்பெனி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். வீடு காலி செய்து போனவரின் பழைய எண்ணில் யாரோ ஒருவர் உட்கார்ந்துகொண்டு உங்கள் தெருக் கதையை எல்லாம் படித்துக்கொண்டு இருக்கலாம்.